திசை: வடக்கு

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் அருணாதேவி.

"அஞ்சு மணிக்கு என் மேல கேஸ் குடுக்கப் போறாங்க மேடம்."

"அது அஞ்சு மணிக்கு. இப்ப ரெண்டேகால். சாப்பிட்டியான்னு கேட்டேன்."

எதிரே உட்கார்ந்திருந்த பெண் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. இருபத்தேழு வயது இருக்கும். பெயர் நந்தினி. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், விட்டால் அது எழுந்து ஓடிவிடும் போலிருந்தது.

"ராமதாஸ், கீழ போய் ரெண்டு இட்லி வாங்கிட்டு வா."

"மத்தியானம் ரெண்டேகாலுக்கு இட்லி கிடைக்கற கடையக் கண்டுபிடிக்கவே தனியா ஒரு துப்பறியும் நிலையம் வேணும்" என்றான் ராமதாஸ். "பிஸ்கட் இருக்கு. டேபிள்லயே இருக்கு. நேத்து வந்த கட்சிக்காரர் சாப்பிடாம வெச்ச மிச்சம்."

செங்கம் சாலையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஓர் அறைதான் அருணாதேவி துப்பறியும் நிலையம். இருபத்துநாலு வருடம் இந்த ஊரில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கு எடுத்தவள் அருணாதேவி. எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் மீட்டருக்குள் காந்தம் என்று தெரிந்து வைத்திருந்ததுதான் பிறகு தொழிலாயிற்று. ராமதாஸ் கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். எல்லார் கையிலும் கேமரா வந்த பிறகு, அவன் கையில் வாய் மட்டும் மிஞ்சியது.

"சொல்லும்மா. முதல்லேர்ந்து. சுருக்கமா" என்றாள் அருணாதேவி.

"ஒளிச்சுடர் சோலார்னு இதே ரோட்டுல ஒரு கம்பெனி. வீட்டு மாடியில சோலார் போட்டுத் தருவாங்க. கவர்மெண்ட் மானியத்துக்கு அவங்களே மனு போட்டுருவாங்க. வீட்டைப் போய்ப் பாத்து, சோலார் போட்டாச்சுன்னு ரிப்போர்ட் எழுதறது என் வேலை."

"சரி."

"அடி அண்ணாமலையில ராஜம்மாள்னு ஒரு அம்மா. போன மாசம்தான் ஓட்டைப் பிரிச்சுட்டுத் தளம் போட்டிருக்காங்க. சோலார் வேணும்னு எங்க ஆபீசுக்கு வந்தாங்க. அவங்க கரண்ட் நம்பரைப் போட்டா, கம்ப்யூட்டர் சொல்லுது, உங்க வீட்டுல ஏற்கெனவே சோலார் போட்டாச்சு, மானியம் ஒப்புதல் ஆயிடுச்சுன்னு. ஒரு நம்பருக்கு ஒரு தடவைதான் மேடம். அந்தம்மா ஆபீஸ் தரையிலயே உக்காந்துட்டாங்க. எழுந்திரிக்கவே இல்ல."

"அவங்க மாடியில?"

"ஒரு காக்கா இருந்துச்சு. போய்ப் பாத்தேன்."

"ரிப்போர்ட்ல கையெழுத்து?"

நந்தினி ஃபைலைத் திறந்தாள். "என்னுது."

"உன்னுது மாதிரியா, உன்னுதேவா?"

"என்னுதேதான்." குரல் இறங்கியது. "பௌர்ணமி வந்தா கிரிவலத்துக்காக ரெண்டு நாள் ரோட்டை அடைச்சிடறாங்க. எந்த வீட்டுக்கும் போக முடியல. முதலாளி அவசரப்படுத்தினார். அதனால முன்னாடியே நாப்பது வெத்து ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு வெச்சிட்டேன். அப்பறமா வீட்டைப் பாத்துப் பாத்துப் பூர்த்தி பண்ணிக்கலாம்னு."

ராமதாஸ் பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினான். "வெத்து செக்குல கையெழுத்துப் போட்டிருந்தாக்கூட பணத்தோட போயிருக்கும்மா."

"முதலாளி என்ன சொல்றார்?" என்றாள் அருணாதேவி.

"கோதண்டராமன் சார் நல்லவர்தான். கவர்மெண்ட் லிஸ்ட்லேர்ந்து அவர் கம்பெனி பேரை எடுத்துட்டா பன்னெண்டு குடும்பம் தெருவுக்கு வந்துரும்ங்கறார். அஞ்சு மணிக்குள்ள யார் பண்ணினதுன்னு சொல்லு, இல்லைன்னா உன் பேர்ல ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன்னுட்டார்." ஃபைலின் அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது போன வாரம் வந்துச்சு."

அரசு முத்திரை போட்ட பணி நியமன ஆணை. இளநிலை உதவியாளர். வேங்கிக்கால், கலெக்டர் அலுவலகம்.

"ஆறு வருஷம் படிச்சேன் மேடம். நாலு தடவை எழுதினேன். புதன்கிழமை போலீஸ்ல விசாரணைக்கு வருவாங்க, மேல கேஸ் ஏதாவது இருக்கான்னு. இன்னிக்கு எஃப்.ஐ.ஆர் விழுந்தா..." ஆணையைத் திருப்பி ஃபைலுக்குள் வைத்தாள்.

"வீட்டுல யாரு?"

"அப்பா மட்டும்தான். அவருக்கு இன்னும் சொல்லல. யாருக்காவது மனை காட்டப் போயிருப்பார்."

"சோலாரை மாட்டின ஆளுங்க?"

"ரெண்டு பேர். ஒடிசாவுக்குப் போயிட்டாங்க. போன் ஆஃப்."

அருணாதேவி ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாள். ஒரே ஒரு பக்கம். ராஜம்மாளின் மின் அட்டை நகலையும் ஒரு மாடி போட்டோவையும் பின் அடித்திருந்தார்கள். மற்றதெல்லாம் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு டிக்.

"எழுத்தே இல்லையே. எல்லாம் டிக்" என்றாள்.

"கையெழுத்து நிபுணரைக் கூப்பிட்டா டிக்கைப் பாத்துட்டு, இவர் வலது கைக்காரர்னு சொல்லி ஃபீஸ் வாங்கிட்டுப் போவார்" என்றான் ராமதாஸ்.

"போட்டோவைப் பாரு."

ராமதாஸ் பார்த்தான். ஆறு நீலத் தகடுகள். மேலே ஆகாயம். ஓரத்தில் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். ஒரு கம்பியில் கோடு போட்ட துணிச் சட்டையின் கை.

"இந்த ஊர்ல மலை விழாம ஒரு போட்டோ எடுக்கணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும். எந்த இடம்னு போட்டோ அடியில வர்ற குறிப்பையும் கத்தரிச்சிட்டாங்க. கம்பி நீட்டிக்கிட்டிருக்கு, அதனால புது வீடு. இந்தச் சட்டை திருஷ்டி பொம்மையோடது. வைக்கோல் கூடத் தெரியுது பாருங்க. வீடு இன்னும் குடி போகல."

"புது வீடுங்க ஜாஸ்தி எங்க?"

"வேங்கிக்கால்" என்றான் ராமதாஸ்.

அருணாதேவியின் விரல் ரிப்போர்ட்டில் ஒரு கட்டத்தில் நின்றிருந்தது. திசை என்று அச்சிட்டு, பக்கத்தில் நாலு கட்டம். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. டிக் விழுந்திருந்தது வடக்கில்.

"நந்தினி, நீ இதுல எப்பவும் எதுல டிக் அடிப்ப?"

"தெற்குல மேடம். சோலார் தெற்கு பார்த்துதான் மாட்டணும். அப்பத்தான் வருஷம் பூரா வெயில் நல்லாப் படும். வடக்கு பார்த்து யாரும் மாட்ட மாட்டாங்க."

"மாட்டியிருக்காங்களே."

"அப்ப மாட்டினவன் வேலை தெரியாதவன்."

"நல்லது" என்று எழுந்தாள் அருணாதேவி. "வேங்கிக்கால்ல புது வீடு ஆயிரம் இருக்கும். வெயிலுக்கு முதுகைக் காட்டற சோலார் ஒண்ணுதான் இருக்கும். ராமதாஸ், வண்டியை எடு."

"வண்டி தானா எடுக்காது. தள்ளணும்" என்றான் ராமதாஸ்.

தள்ளினார்கள்.

பழைய ஆம்னி வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. பாதி கட்டி நின்ற ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் நாலாவது மாடிக்கு மூவரும் ஏறினார்கள். அங்கிருந்து பார்த்தால் சுற்றிலும் மொட்டை மாடிகள். இருபது இடத்தில் சோலார்.

"தெற்கு. தெற்கு. அதுவும் தெற்கு." நந்தினி ஒவ்வொன்றாக எண்ணினாள். "எல்லாமே தெற்குதான் மேடம்."

"அந்தப் பக்கம்?"

"தெற்கு."

"அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி?"

"அது சோலார் இல்ல மேடம். வடாம் காயுது."

ராமதாஸ் நெற்றி வியர்வையைத் துடைத்தான். "பாஸ், உலகத்துலயே முட்டாள்தனமா மாட்டின சோலாரைத் தேடி வந்தோம். ஊர்ல எல்லாரும் புத்திசாலியா இருக்காங்க. இப்படி ஒரு கஷ்டம் நமக்கு வந்ததே இல்ல."

இன்னும் இரண்டு மனைப்பிரிவுகளில் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் அதே கதைதான். நந்தினி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து மணி பார்த்தாள். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டாள். கலெக்டர் அலுவலகத்தின் கட்டிடம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

மூன்றே முக்காலுக்கு ஒரு புது வீட்டு வாசலில், நிழலில், நின்றார்கள். உள்ளே சிமெண்ட் தரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஹோஸ் பைப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"வூடு பாக்க வந்தீங்களா? வாங்க வாங்க. நான் சந்திரம்மாள், காவலுக்கு இருக்கேன். ரெண்டு பெட்ரூம், போர் தண்ணி, கார் நிறுத்த எடம்."

"வீடு பாக்க வரல. மாடியில சோலார்..." என்று ஆரம்பித்தாள் அருணாதேவி.

"போட்டாச்சுங்க. வாங்கறவங்க சோலார் வேணும்னு கேட்டாங்கன்னு போட்டாச்சு. திசை வடக்கு. ராசியான வூடு. மத்தது இன்னா வோணும் கேளுங்க."

அருணாதேவியின் கை வாசல் கம்பியிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"ராசியான வூடுன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"திசை வடக்குன்னேன். வாசல் வடக்கு பாத்து இருக்குதே, தெரியலையா? வூடு பாக்க வரவங்க மொத கேள்வியே அதான கேக்கறாங்க. நீங்கதான் கேக்கல."

ராமதாஸ் மெதுவாகத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான். தூணில் கம்பிகள். கம்பியில் கோடு போட்ட சட்டையோடு ஒரு வைக்கோல் ஆசாமி, மீசையும் கத்தியுமாக. அவருக்குப் பின்னால் ஆறு நீலத் தகடுகள், ஒழுங்காக, தெற்கே மலையைப் பார்த்தபடி.

"சோலார் சரியாத்தான் மாட்டியிருக்காங்க" என்றான். "நாமதான் தலைகீழா தேடியிருக்கோம்."

"ஆமா. ஃபாரம் கேட்டது சோலார் எந்தத் திசைன்னு. டிக் அடிச்ச ஆள் பதில் சொன்னது வீடு எந்தத் திசைன்னு." அருணாதேவியின் குரல் தணிந்திருந்தது. "சோலார் தொழில்ல இருக்கறவன் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். திசைன்னு ஒரு வார்த்தையப் பாத்ததுமே வாசலை நினைக்கறவன் யாரு?"

"வீடு விக்கறவன்" என்றான் ராமதாஸ்.

"சந்திரம்மா, வீட்டுக்கு நிரந்தர கரண்ட் கனெக்‌ஷன் வந்தாச்சா?"

"எங்கங்க. வூடு கட்டறதுக்குக் குடுத்த டெம்பரரி லைன்தான் இருக்குது."

"அதுல மானியம் கிடைக்காது" என்றாள் நந்தினி, தன்னை அறியாமல்.

"அதான் ராஜம்மாளோட நம்பரை எடுத்துப் போட்டிருக்காங்க. தரகர் யாரு சந்திரம்மா?"

"பேரு தெரியாதுங்க. நல்ல மனுசன். வரும்போதெல்லாம் எனக்கு டீ வாங்கியாருவாரு. அதோ, செவுத்துல நம்பரு எழுதியிருக்காரு பாருங்க."

சுவரில் நீல பெயிண்டில் வீடு விற்பனைக்கு என்று எழுதி, கீழே பத்து எண்கள். அருணாதேவி போனை எடுத்து ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினாள். ஆறாவது எண்ணுக்கு வந்தபோதுதான் பக்கத்தில் நின்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

நந்தினி சுவரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மிச்சம் நாலு எண்ணையும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அருணாதேவி போனைக் கீழே இறக்கினாள்.

"அந்த வெத்து ஃபாரம் கட்டு ராத்திரி எங்கம்மா இருந்துச்சு?" என்றாள் அருணாதேவி.

"என் பையில. வீட்டுல. நான் பூர்த்தி பண்ணினதையெல்லாம் காலையில அப்படியே எடுத்துட்டுப் போய் முதலாளி டேபிள்ல வெச்சேன். அதுல நான் எழுதாத இது ஒண்ணு கலந்திருந்ததை நான் பாக்கல. நானேதான் மேடம் கொண்டு போய்க் குடுத்திருக்கேன்."

"நான் பேசறேன். நீ பேசாதே."

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு கனிவான குரல் வந்தது.

"வணக்கம்ங்க. ஆதிமூலம் பேசறேன்."

"வணக்கம். வேங்கிக்கால்ல உங்க நம்பர் போட்ட வீட்டு வாசல்ல நிக்கறேன். வீடு பிடிச்சிருக்கு. ஆனா தெற்கு பார்த்த வீடுன்னு சொல்றாங்களே. எங்க வீட்டுக்காரருக்குத் தெற்கு ஆகாது."

"யாருங்க சொன்னது? சுத்தமான வடக்குங்க. வேணும்னா காம்பஸ் வெச்சுக் காட்டறேன்."

"சோலார் மானியத்துக்குக் குடுத்த பேப்பர்ல தெற்குன்னு இருக்காமே."

"இருக்கவே இருக்காது." குரலில் கனிவு போய் ரோஷம் வந்தது. "அந்த பேப்பர்ல டிக் அடிச்சதே நான்தாங்க. வடக்குலதான் அடிச்சேன். முப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன், ஒருத்தருக்கும் திசை மாத்திச் சொன்னதில்ல. எவன் சொன்னான்னு சொல்லுங்க, நான் வந்து பேசறேன்."

"அப்பா" என்றாள் நந்தினி.

எதிர்முனையில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"நந்தினியா? நீ எங்கம்மா அங்க?"

"அந்த பேப்பர்ல கீழ இருந்த கையெழுத்து என்னுதுப்பா."

"தெரியும்மா. அதனாலதான... நம்ம பொண்ணு கையெழுத்து, ஒண்ணும் சிக்கல் வராதுன்னு..." குரல் தடுமாறியது. "ரெண்டு வருஷமா விக்காத வீடும்மா. சோலார் இருந்தா எடுத்துக்கறேன்னு ஒருத்தன் வந்தான். அந்த ராஜம்மா மனை விக்க பேப்பர் குடுத்து வெச்சிருந்துச்சு. ஓட்டு வீட்டுல இருக்கற பொம்பளை, அது எங்க சோலார் போடப் போவுது, யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்சேன். மாட்ட வந்த பசங்களுக்கு அந்த வீட்டையே காட்டிட்டேன்."

"தளம் போட்டுட்டாங்கப்பா. போன மாசம்."

நந்தினி போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு என் பேர்ல கேஸ் குடுக்கறாங்க. ஆர்டர் வந்துச்சே, அது கேன்சல் ஆயிடும். உனக்குப் புரியுதாப்பா?"

"எங்க வரணும்?"

"செங்கம் ரோடு. எங்க ஆபீஸ்."

"வர்றேம்மா. பத்து நிமிஷம். நானே வந்து சொல்லிடறேன். நீ அழாத."

அவள் அழவில்லை. போனை அருணாதேவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சந்திரம்மாள் வாசல்வரை வந்து, "வூடு புடிக்கலையா?" என்று கேட்டாள். "வீடு நல்ல வீடுதான்" என்று சொல்லிவிட்டு ராமதாஸ் வண்டியைத் தள்ளினான்.

ஒளிச்சுடர் அலுவலகத்தில் கோதண்டராமன் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். எதிரே, தட்டச்சு செய்த புகார். அதற்கு மேல் காற்றில் பறக்காமல் ஒரு ஸ்டேப்ளர். மூலையில் தரையில், சுவரில் சாய்ந்தபடி ராஜம்மாள். அன்றைக்கும் வந்திருந்தாள்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சிடுச்சு. இங்க வந்துக்கிட்டிருக்கார். அவரே சொல்வார்" என்றாள் அருணாதேவி.

"அஞ்சு வரைக்கும் டைம் குடுத்தேன். அஞ்சு வரைக்கும் இருக்கேன்" என்றார் கோதண்டராமன்.

நாலு முப்பத்தைந்து. ராமதாஸ் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். நாலு நாற்பது. நந்தினி அப்பாவுக்குப் போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் தமிழில் சொல்லிவிட்டு, இங்கிலீஷிலும் சொன்னது. மறுபடி செய்தாள். மறுபடியும் அந்தக் குரலே சொன்னது.

"டிராஃபிக்கா இருக்கும்" என்றான் ராமதாஸ். அவன் சொன்ன ஜோக்குகளிலேயே யாரும் சிரிக்காதது அதுதான். அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நாலு நாற்பத்தாறுக்கு அருணாதேவி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நந்தினிக்கு முன்னால் வைத்தாள்.

"நீங்க எழுதுங்க மேடம். நீங்கதான கண்டுபிடிச்சீங்க."

"நான் கண்டுபிடிச்சது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஃபாரத்துல இருக்கற கையெழுத்து உன்னுது. நீ எழுதினாத்தான் செல்லும்." குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எழுதுன்னும் சொல்ல மாட்டேன், எழுதாதேன்னும் சொல்ல மாட்டேன். எழுதினா ஒண்ணு மட்டும் பண்ணு. வெத்து ஃபாரத்துல கையெழுத்துப் போட்டது உன் தப்பு. அதை மறைக்காம எழுது."

"அவருக்கு சுகர் இருக்கு மேடம். லாக்கப்புல வெச்சா மாத்திரை யாரு குடுப்பாங்க?"

மூலையிலிருந்து ராஜம்மாள் கேட்டாள், யாரையும் குறிப்பிடாமல்: "எனக்கு சோலார் வருமா, வராதா? அதை மட்டும் யாராவது சொல்லுங்க."

நந்தினி அவளைப் பார்த்தாள். நியமன ஆணை இருந்த ஃபைலைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

அனுப்புநர் என்று எழுதினாள். அதன் கீழே தன் பெயர். அதற்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் பழகிய விதத்தில், கை தானாகவே த/பெ என்று எழுதிவிட்டு நின்றது. தந்தை பெயர் எழுத வேண்டிய இடம். சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எழுதினாள். பெறுநர், பொருள், ஐயா. அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. பௌர்ணமி, நாற்பது வெற்றுப் படிவங்கள், பை, வேங்கிக்கால் வீடு. எல்லாம் ஒரே மூச்சில். ஓரிடத்தில் மட்டும் பேனா அழுந்தித் தாள் கிழிந்தது. கையெழுத்திட்டு, எழுந்து, கோதண்டராமனிடம் கொடுத்தாள்.

மணி நாலு ஐம்பத்தெட்டு.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பாதியில் மேலே போனார். மறுபடி கீழே வந்தார். ஒரு விரலை மேலேயும் ஒரு விரலைக் கீழேயும் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, பதட்டத்துல மாத்தி எழுதிட்டியா? உங்கப்பா பேரும், பண்ணின ஆள் பேரும் ஒண்ணாவே போட்டிருக்கியே."

"மாத்தி எழுதல சார்" என்றாள் நந்தினி. "ரெண்டும் ஒரே ஆள்தான்."